கட்டைவிரலுக்கு அடங்காத பக்கங்கள்

ஜூன் 9, திங்கள்

புது ப்ராஜெக்ட். பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குத் தீ பாதுகாப்புப் பயிற்சி. தொழிலாளர்கள் ஃபோனிலேயே படித்து, ஃபோனிலேயே பரீட்சை எழுதி, ஃபோனிலேயே சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். தீயை அணைக்கவும் ஃபோனில் ஒரு பட்டன் கேட்பார்கள் என்று இர்ஃபானிடம் சொன்னேன். "ஐடியா குடுக்காதீங்கக்கா. கேட்டா நாந்தான் செய்யணும்" என்றான். எங்கள் ஆபீசில் நான் பாடத்தை எழுதுவேன், அதை ஃபோனில் ஓடவைப்பது அவன்.

எங்கள் முதலாளி ஜெயசீலன் சார் வழக்கம்போல முதலில் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு எங்களிடம் வந்தார். "கன்டென்ட் ரெடிங்க சுகந்தி. பிடிஎஃப் குடுத்துட்டாங்க. பக்கத்தைத் தூக்கி உள்ள வெச்சாப் போதும்." இந்தக் கம்பெனியில் 'தூக்கி உள்ள வெச்சாப் போதும்' என்று ஆரம்பித்த எந்த வேலையும் எங்களை ஒழுங்காகச் சாப்பிடவிட்டதில்லை.

பிடிஎஃப்பைத் திறந்தேன். இருநூற்றுச் சொச்சம் பக்கம், ஏ4 அளவு, பக்கத்துக்கு இரண்டு பத்தி. எழுத்து, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், அந்த சைஸ். பாதிப் பக்கங்கள் ஸ்கேன் எடுத்தவை. கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ பதிந்து.

முதல் பக்கத்தில்: தொகுப்பு, ப. நந்தகோபால், பாதுகாப்பு அலுவலர்.

தெரிந்த பெயர்தான். கோயம்புத்தூரில் எத்தனையோ நந்தகோபால்.

ஜூன் 10

அந்த நந்தகோபால்தான்.

டைரியில் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஏழு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்து, இரண்டு வருடம் முன்னால் குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "சைடு ஸ்டாண்டை எடுத்துட்டு வண்டிய எடு" என்று சொன்ன நந்தகோபால். விவாகரத்து ஆன முதல் நிமிடத்திலும் பாதுகாப்பு வகுப்பு.

எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவுமில்லை. அவர் எதையும் விளக்குவார், நான் எதையும் கிண்டல் செய்வேன். குக்கர் விசில் போடுவதற்குக்கூட அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு கட்டத்தில் அவர் விளக்குவதை நிறுத்தினார், நான் கிண்டலை நிறுத்தினேன். அப்புறம் வீட்டில் ஃபேன் சத்தம்தான்.

எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. வேலை வேறு, அது வேறு. ஜெயசீலன் சாரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வீடியோ மீட்டிங். அவர் என்னை "மேடம்" என்றார். நான் அவரை "சார்" என்றேன். இருவரும் நன்றாகவே நடித்தோம்.

"ஒரு வரி மாறக்கூடாதுங்க மேடம். ஆடிட்டுக்கு வர்றவங்க பக்க எண் சொல்லித்தான் கேப்பாங்க. நாப்பத்தொண்ணாம் பக்கம் நாப்பத்தொண்ணாம் பக்கமாவே இருக்கோணும்."

"சார், இத ஃபோன்ல தெறந்தா எழுத்து கடுகு மாதிரி இருக்குது."

"பெருசு பண்ணிப் பாத்துக்கலாமில்லீங்களா?"

"பெருசு பண்ணா வரி ஸ்கிரீனுக்கு வெளிய ஓடிப்போயிருதுங்க. ஒவ்வொரு வரியையும் வலது பக்கம் இழுத்து, இடது பக்கம் இழுத்து, அப்புறம் எங்க விட்டோம்னு தேடி..."

"படிக்கோணும்னு நெனைக்கிறவங்க இழுத்துப் படிப்பாங்க மேடம்."

அது தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னது என்றுதான் இர்ஃபானும் ஜெயசீலன் சாரும் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

முடிவு: பக்கத்தை அப்படியே வைப்பது. மீட்டிங் குறிப்பில் 'கிளையன்ட் தெளிவாக இருக்கிறார்' என்று எழுதினேன். அசையாத மரமும் அப்படித்தான் தெளிவாக இருக்கும்.

ஜூன் 14, சனி

லீவு. மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கினேன். துணி துவைத்தேன். அந்தப் பிடிஎஃப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஒரு நாற்பது பக்கம் தவிர.

ஜூன் 17

முழுசும் படித்தாயிற்று. பரீட்சைக் கேள்வி தயாரிக்க யாராவது படித்துத்தானே ஆகவேண்டும்.

மனிதர் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று சொல்வதற்கு முன்னால் கற்காலத்து மனிதன் கல்லை உரசுகிறான். அவன் உரசி முடிப்பதற்குள் மில் சாம்பலாகிவிடும்.

ஆனால் எண்பத்தெட்டாம் பக்கம், இரண்டாவது பத்தியின் அடியில், ஒரு அட்டவணைக்கும் இன்னொரு அட்டவணைக்கும் நடுவில் இது இருக்கிறது: 'பஞ்சு கருகினால் முதலில் வாடைதான் வரும். அப்போது மேஸ்திரியைத் தேடிப் போகாதே. அணைக்கலாமா என்று யோசிக்காதே. பக்கத்தில் இருப்பவளையும் கூட்டிக்கொண்டு வெளியே போ.'

இருமுறை படித்தேன். இதை முதல் பக்கத்தில் போடாமல் எண்பத்தெட்டில் புதைத்துவைக்க இவரால்தான் முடியும். முக்கியமான விஷயத்தைக் கடைசியில், யாரும் கேட்காத நேரத்தில் சொல்கிற ஆள்.

ஜூன் 20

சொன்னபடி செய்தாயிற்று. ஏ4 பக்கம் அப்படியே ஃபோனுக்குள். இரண்டு விரலால் பெரிதாக்கினால் பெரிதாகிறது. படிக்கலாம் என்று தள்ளினால் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் கடுகு.

"கடைசிப் பக்கத்தைத் தொட்டா 'முடித்தார்'னு பதிவாயிரும்கா" என்றான் இர்ஃபான்.

"படிச்சாங்களான்னு எப்படித் தெரியும்?"

"அது எப்பவுமே தெரியாதுக்கா."

ஜூன் 24, செவ்வாய்

மில் ஹாஸ்டலில் முதல் சோதனை. நானும் இர்ஃபானும் போனோம்.

அவரை நேரில் பார்த்து ரொம்ப நாள். இளைத்திருக்கிறார். கண்ணாடி புதுசு, ஃப்ரேம் சுமார். "வாங்க மேடம், டீ சாப்பிடுவீங்களா" என்றார். எனக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை. கேன்டீன்காரருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெண்களை மெஸ்ஸில் உட்காரவைத்து ஃபோனைத் திறக்கச் சொன்னோம். முன் வரிசையில் தெய்வானை என்றொரு பெண். தேனிப் பக்கத்துக்காரி, ப்ளோ ரூமில் வேலை. பஞ்சுப் பொதியை உடைத்துச் சுத்தம் செய்கிற இடம் அது, மில்லில் தீக்கு ரொம்பப் பிடித்த இடமும் அதுவே. அவள் ஃபோன் ஸ்கிரீனில் குறுக்கே ஒரு விரிசல். இருநூறு பக்கத்தையும் ரீல்ஸ் தள்ளுகிற வேகத்தில் தள்ளி, பரீட்சை எழுதி, முழு மதிப்பெண் வாங்கி நிமிர்ந்தாள். எங்களுக்கு டீயே ஆறவில்லை.

"எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்றேன்.

"எல்லாத்துக்கும் கடைசி ஆப்ஷன்தான்க்கா. 'மேற்கண்ட அனைத்தும்.' எப்பவும் அதுதான் சரியா இருக்கும்."

கேள்விகளைத் தயாரித்தது நான். இர்ஃபான் சிரிப்பை டீக்குள் விட்டான்.

"பக்கத்தைப் படிச்சுப் பாத்தியா?"

"படிச்சேன்க்கா. தீ பாதுகாப்புன்னு போட்டிருந்துச்சு."

எல்லாரும் பாஸ். சர்டிஃபிகேட்டும் வந்துவிட்டது. நந்தகோபால் சாருக்கு மகிழ்ச்சி. "பாத்தீங்களா மேடம், படிக்கோணும்னு நெனைச்சா படிக்கிறாங்க" என்றார். கேள்விகளைப் பற்றிப் பேச்சு வராமலிருந்தால் போதும் என்றிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

தீ ஒத்திகை. மணி அடித்ததும் பஞ்சு கோடவுன் பக்கமாகப் போகாமல் வடக்கு கேட் வழியாக வெளியேற வேண்டும். மேனுவலில் அதற்கு ஒரு வரைபடமும் உண்டு.

மணி அடித்தது. சர்டிஃபிகேட் வாங்கிய அத்தனை பேரும் நேராகக் கோடவுன் பக்கத்துப் பழைய கேட்டுக்கு ஓடினார்கள். அந்த கேட்டைப் பூட்டி வருஷக்கணக்காகிறது.

இர்ஃபான் அப்போதுதான் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். வரைபடத்தை அகலவாக்கில் போட்டு, பக்கத்தில் அடங்கட்டும் என்று திருப்பி வைத்திருக்கிறார்கள். காகிதம் என்றால் பிடிக்கிறவர் திருப்பிக்கொள்ளலாம். ஃபோனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது. வேகமாகத் தள்ளியவர்கள் கண்ணில் நின்றது இந்தப் படம் ஒன்றுதான், அதில் வடக்கைக் காட்டவேண்டிய அம்புக்குறி எப்போதும் படுத்தபடி கோடவுனையே காட்டியது. 'பூட்டிய கதவு' என்று எழுதிய ஓரம் ஸ்கிரீனுக்கு வெளியே.

பெண்கள் பூட்டின கேட் முன்னால் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செல்ஃபி எடுத்தாள். ஜெயசீலன் சார்கூட, "முதல் தடவைதானுங்களே, பழகிருவாங்க" என்றார்.

நந்தகோபால் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூட்டையே பார்த்தபடி நின்றார். ஊதவில்லை. யாரையும் திட்டவில்லை. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். வெயில் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஃபோன். நம்பரை நான் அழித்திருந்தேன். ஆனாலும் தெரிந்தது.

"சுகந்தி."

மேடம் இல்லை.

"சொல்லுங்க."

"நெசமாலுமே தீப்புடிச்சிருந்தா, அத்தன பேரும் அந்தப் பூட்டு முன்னாடி..." முடிக்கவில்லை. "என்ன பண்ணோணும், நீ சொல்லு" என்றார்.

ஏழு வருடத்தில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.

ஜூன் 30

இன்று முதல் அவர் எங்கள் ஆபீசுக்கே வருகிறார். காலையில் வரும்போது ஒரு பேக்கரி கவர். உள்ளே தேங்காய் பன். எல்லாருக்கும்தான்.

என் திட்டம் இது. பிடிஎஃப் வேண்டும், பக்க எண் வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் பக்கம் ஃபோன் வடிவத்தில் இருக்கவேண்டும். ஒல்லியாக, நீளமாக, பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரே விஷயம். இழுக்கவேண்டாம், பெரிதாக்கவேண்டாம், கட்டைவிரலால் தள்ளினால் போதும். மூலையில் சின்னதாகப் பழைய பக்க எண். ஆடிட்டர் கேட்டால் காட்டிக்கொள்ளலாம். முழு மேனுவலையும் தனியாக டவுன்லோடில் வைத்துவிடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

"அத யாரு எடுப்பாங்க?" என்றார்.

"ஆடிட்டர் எடுப்பாருங்க."

"வேற யாரும்?"

நான் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1

கற்காலத்தை வெட்டுவதில் மட்டும் ஒரு காலைப்பொழுது போயிற்று.

"மனுசனுக்குத் தீயோட அருமை தெரிஞ்சாத்தானே பயம் தெரியும்" என்றார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைங்க எட்டு மணி நேரம் நின்னு வேல செஞ்சுட்டு வந்து படுத்துட்டே பாக்குதுங்க. அதுங்களுக்குக் கல்லை உரசுற ஆளை எதுக்குங்க காட்டோணும்?"

'ஏனுங்க' வாயில் வந்தது ஏழு வருடப் பழக்கதோஷம். இர்ஃபான் ஸ்கிரீனைவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், அப்புறம் அவரைப் பார்த்தான், அப்புறம் திடீரென்று அவனுக்குக் கீழே போய் காபி குடிக்கவேண்டும் போலிருந்தது.

கற்காலம் போயிற்று. அவரேதான் டிலீட் பட்டனை அழுத்தினார், ஊசி போட்டுக்கொள்கிற முகத்தோடு.

ஜூலை 3

முதல் பக்கம் எது என்று கேட்டார். எண்பத்தெட்டாம் பக்கத்து வரிகளைப் போட்டிருந்தேன். 'பக்கத்தில் இருப்பவளையும் கூட்டிக்கொண்டு வெளியே போ.' அது மட்டும், பெரிய எழுத்தில்.

ரொம்ப நேரம் பார்த்தார். "இத நீ படிச்சியா?"

"எல்லாத்தையுந்தான் படிச்சேன்."

"அட்டவணை எல்லாம்?"

"அட்டவணை எல்லாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வரைபடத்தைத் தூக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக நானும் அவரும் மில்லுக்குப் போய், ப்ளோ ரூம் வாசலிலிருந்து வடக்கு கேட் வரை நடந்து, திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஃபோட்டோ எடுத்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு ஃபோட்டோ, அதன்மேல் ஒரு அம்பு. வழியில் அவர் தீயணைப்பு வாளியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

ஜூலை 8

இரண்டாவது சோதனை. கேள்விகளை மாற்றிவிட்டேன். 'மேற்கண்ட அனைத்தும்' எங்குமே கிடையாது. தெய்வானைக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

இந்தத் தடவை மெஸ்ஸில் சத்தம் குறைந்தது. விரல்கள் மெதுவாக நகர்ந்தன. பாதியில் தெய்வானை கையைத் தூக்கினாள்.

"சார், பொகை வந்தா துணியால மூக்கை மூடணும்னு போட்டிருக்கு. எங்க ஷால் எல்லாம் நைலான்ல இருக்கே, அதால மூடலாமா?"

அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எழுதியதை ஒருத்தி படித்து, அதில் ஒரு சந்தேகமும் கேட்கிறாள். எழுந்து நின்று, மூச்சை இழுத்து, கையை விரித்தார். நைலான் கண்டுபிடித்த கதை வரப்போகிறது என்று நானும் தயாரானேன். என்னை ஒரு முறை பார்த்தார்.

"நைலான் வேண்டாம். உருகி ஒட்டிக்கும். பருத்தித் துணி, நனைச்சது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதை ஒரு புதுப் பக்கமாகச் சேர்த்தோம். ஹாஸ்டலில் எல்லாருக்கும் பருத்தித் துண்டு கொடுக்கச் சொல்லி மேனேஜரைப் பார்க்கப் போனார். அங்கே நன்றாகவே விளக்கியிருப்பார், வர ரொம்ப நேரமாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

இரண்டாவது ஒத்திகை. மணி அடித்தது, வடக்கு கேட் வழியாக வெளியே வந்தார்கள், வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள். செல்ஃபி எடுத்தார்கள், அதைத் தடுக்க இன்னும் பக்கம் எதுவும் தயாராகவில்லை.

ப்ராஜெக்ட் முடிந்தது. கைகூப்பி "நன்றிங்க மேடம்" என்றார், ஜெயசீலன் சார் பக்கத்தில் இருந்ததால். "நன்றிங்க சார்" என்றேன்.

இனி அவரைப் பார்க்கவேண்டிய வேலை இல்லை. நிம்மதி. வரும் வழியில் தேங்காய் பன் வாங்கினேன். நன்றாகவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஃபோன் வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஜூலை 17, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தெய்வானை கூப்பிட்டாள். சந்தேகம் இருந்தால் கேட்கட்டும் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, ப்ளோ ரூம்ல தீப்புடிச்சிருச்சு. நாங்க எல்லாம் வெளிய வந்துட்டோம்கா. வாடை வந்ததும் நாந்தான்கா கத்துனேன். எல்லாரையும் இழுத்துட்டு வடக்கு கேட்டுக்கு வந்துட்டோம்."

"நல்லதும்மா. யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

அவள் அழ ஆரம்பித்தாள்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மரத்தடியில் எண்ணிப் பார்த்தபோது ஒருத்தி குறைந்திருக்கிறாள். பாத்ரூம் போன பெண். ஃபயர் சர்வீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லாரும் சொல்லியும் நந்தகோபால் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அந்தப் பெண்ணைக் கூட்டி வந்துவிட்டார். அவளுக்கு ஒன்றுமில்லை. இவருக்குக் கையில் தீக்காயம், புகை நெஞ்சுக்குள் போய் மயக்கம்.

'யாரும் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக்கூடாது' என்பது ஏழாவது பக்கம். அவர் எழுதியதுதான். படிக்காதவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கவேண்டும்.

வண்டியை எடுத்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காமலே சிங்காநல்லூர் வரை போய்விட்டு, ஓரமாக நிறுத்தித் தெய்வானையைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

வார்டு வாசலில் நர்ஸ் நிறுத்தினார். "நீங்க அவருக்கு யாருங்க?"

எத்தனை லேசான கேள்வி.

"அவர் எழுதுனத முழுசாப் படிச்ச ஆளுங்க" என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "கூட இருந்து பாத்துக்கற அட்டெண்டரா, இல்லீங்களா?"

"அட்டெண்டர்தானுங்க."

மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க், வலது கையில் கட்டு. புருவம் கொஞ்சம் கருகியிருந்தது. பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தார். அதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அவர் இடது கையால் மாஸ்க்கைத் தூக்கினார். தீ எங்கே ஆரம்பித்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்று எல்லாம் வரும் என்று காத்திருந்தேன். சத்தியமாக, எல்லாவற்றையும் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன்.

"பயமா இருந்துச்சு, சுகந்தி" என்றார். அவ்வளவுதான்.

மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். பக்கத்தில் ஸ்டூல் இருந்தது, உட்கார்ந்தேன். கட்டுப் போடாத கை மெத்தை ஓரத்தில் சும்மா கிடந்தது. அதை யாராவது தட்டிவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஈரோட்டிலிருந்து அவர் தம்பி வந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்து, செக்யூரிட்டி இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார். தம்பி என்னைப் பார்த்துத் திகைத்து, பிறகு "அண்ணி, சாப்ட்டீங்களா" என்றான். திருத்தவில்லை. அந்த நேரத்தில் அதற்கெல்லாம் எங்கே தெம்பு.

ஜூலை 18, வெள்ளி

காலையில் ஜெயசீலன் சாரைக் கூப்பிட்டு ஒரு வாரம் லீவு சொன்னேன். என்ன விஷயம் என்றார். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைங்க என்றேன். யாருக்கு என்று இன்னொரு தடவை கேட்டார், சொன்னேன். அப்புறம், "பாத்துக்கங்க சுகந்தி, வேலையெல்லாம் இர்ஃபான் பாத்துக்குவான்" என்றார்.

அரிசிக் கஞ்சி வைத்து ஃப்ளாஸ்கில் ஊற்றியிருக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. கிளம்பவேண்டும்.